வெள்ளையடித்த வரைபடங்கள்

ஸ்கான் பண்ணின பழைய வரைபடத்தை "கொஞ்சம் கிளியராக்கித் தாங்கோ" என்று கேட்கிற ஆக்களுக்கும், கேட்ட உடனேயே மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு குந்துகிற எங்களைப் போன்ற ஆக்களுக்கும் எதிராகத்தான் இதை எழுதுகிறோம். முதலாவது குற்றவாளி நாங்கள்தான். ஆகவே எங்களில் இருந்தே தொடங்குவம்.

எங்கட பட்ச் தோழி ஒருத்தியின் வீட்டுக் காணிக்கு ஒரேயொரு நில அளவைப் படம்தான் மிஞ்சியிருந்தது. இடப்பெயர்வு முழுக்க பொலித்தீன் பைக்குள் நாலாய் மடிக்கப்பட்டு, மழைத்தண்ணி பட்டு, மடிப்புகளில் தும்பு கிளம்பி, பழுப்புக் கறையோடு ஊருக்குத் திரும்பி வந்த கடதாசி அது. பக்கத்துக் காணிக்காரரோடு வேலி அலுவல் கதைக்க வேண்டியிருந்தது. "நீங்கள் கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளையள்தானே, இதை வடிவாக்கித் தாங்கோவன்" என்று தோழியின் பெரியம்மா கேட்டா. நாங்களும் பெருமையோடு தலையாட்டினோம்.

ஸ்கான் பண்ணினோம். கிம்ப்பில் திறந்தோம். ஒரு கலர்ப் படத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சனல்கள் இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்தபோது சிவப்புச் சனலில் பழுப்புக் கறை கிட்டத்தட்ட முழுக்க மறைந்திருந்தது. அதை எடுத்து, த்ரெஷோல்ட் போட்டுக் கறுப்பு வெள்ளையாக்கி, மிச்சமிருந்த புள்ளிகளை டீஸ்பெக்கிள் பண்ணி, அதே ஃபைலுக்கு மேலேயே ஜேபெக்காகச் சேமித்தோம். நேற்று வரைந்து எடுத்தது போல இருந்தது. வட்ஸ்அப் குறூப்பில் போட்டோம். இதயங்கள் வந்து குவிந்தன.

பெரியம்மா போனைக் கொஞ்ச நேரம் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. பிறகு கேட்டா:

"பிள்ளையள், கிணத்தடிப் பாதை எங்க?"

பாதை இல்லை. மூலப் படத்தில் பங்குக் கிணற்றுக்குப் போகிற வழி சிவப்பு மையில் முறிகோடாக வரையப்பட்டிருந்தது. நாங்கள் அதைத் துடைத்துவிட்டோம். எங்கட ஊர் உறுதிகளில் "கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்" என்று எழுதுகிற அந்த ஒரு வரிக்காகப் பரம்பரை பரம்பரையாக ஆக்கள் முகம் பாராமல் இருந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாதையை ஒரு பின்னேரத்துக்குள், நல்ல மனதோடு, அழித்துப்போட்டு இதயமும் வாங்கினோம்.

ஏன் அழிந்தது?

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பழுப்புக் கறை சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும், நீல ஒளியை விழுங்கும். அதால் சிவப்புச் சனலில் கறை வெள்ளையாகத் தெரியும். ஆனால் சிவப்பு மையும் அதையேதான் செய்கிறது. சிவப்புச் சனலின் கண்ணுக்கு வெள்ளைக் கடதாசியும் சிவப்புக் கோடும் ஒன்று. கறையைப் போக்கிய அதே பொத்தான்தான் பாதையையும் போக்கியது. பச்சைச் சனலைப் பார்த்திருந்தால் சிவப்புக் கோடு கருமையாக நின்றிருக்கும். கறையும் கொஞ்சம் தெரிந்திருக்கும். அந்தக் "கொஞ்சம் கறை"யைத்தான் எங்களால் பொறுக்க முடியவில்லை.

இதே சிவப்புச் சனல் இன்னொரு வரைபடத்துக்கு நல்ல மருந்து என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைத் தாளில் நீலக் கோடாக எடுத்த பழைய பிரதிகள் வெளிச்சம் பட்டு மங்கிப்போயிருக்கும். அவற்றில் சிவப்புச் சனலில்தான் கோடுகள் ஆகக் கருமையாக வரும். 1842 இல் ஜோன் ஹேர்ஷல் கண்டுபிடித்த சயனோரைப் முறையில் எடுத்த, நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு உள்ள புளூபிறின்ட்டுகளிலும் அதே சனலில்தான் பின்னணி இருண்டு கோடு பளிச்சென்று எழும்பும். ஆகவே "எந்தப் பொத்தானை அமத்திறது?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. "இந்தத் தாளில் என்ன என்ன நிறத்தில என்ன எழுதியிருக்கு?" என்று முதலில் தாளைப் பார்க்க வேண்டும். நாங்கள் திரையைப் பார்த்தோமே ஒழிய, தாளைப் பார்க்கவில்லை.

வரைபடத்தில் நிறம் அலங்காரத்துக்காக வருவதில்லை. பிரித்தானிய மரபில் வந்த பழைய கட்டடப் படங்களில் புதிதாகக் கட்டுவதைச் சிவப்பிலும் இடிக்கப்போவதை மஞ்சளிலும் காட்டுகிற வழக்கம் இருந்தது. அப்படியான ஒரு படத்தை "பழுப்பை எடுத்து வெள்ளையாக்கு" என்று மென்பொருளிடம் கொடுத்தால் என்ன நடக்கும்? மஞ்சளும் பழுப்பும் அதற்கு ஒன்றுதான். இடிக்கச் சொன்ன சுவர் இடிக்கத் தேவையில்லாத சுவராகிவிடும். அந்தப் படத்தைப் பிறகு பார்க்கிறவர், ஒரு பழைய வாசிகசாலையோ பள்ளிக்கூடமோ எப்படி மாறி மாறிக் கட்டப்பட்டது என்ற வரலாற்றையே பிழையாக எழுதுவார். பிழையென்று அவருக்குத் தெரியவும் மாட்டாது. படம் அவ்வளவு சுத்தமாக இருக்கும்.

புள்ளி ஒன்று

சிவப்புச் சனலைத் தற்செயல் என்று விட்டாலும் டீஸ்பெக்கிளை விடேலாது. ஸ்கான் பண்ணும்போது தூசியும் கடதாசித் தும்பும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகளாக விழும். அவற்றைத் தேடி அழிக்கிறதுதான் அந்த வசதியின் வேலை. 300 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஸ்கான் பண்ணினால், 0.4 மில்லிமீற்றர் அகலமான ஒரு புள்ளி ஏறத்தாழ 5 பிக்சல் வரும். அது தூசியாகவும் இருக்கலாம், தசமப் புள்ளியாகவும் இருக்கலாம். மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. 12.5 என்றது 125 ஆகும். புள்ளியும் கோடுமாகப் போகிற எல்லைக்கோடு வெறும் முறிகோடாகும்.

தமிழ் படிக்கிற எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. புள்ளி போனால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். ஏட்டுச்சுவடியில் புள்ளியிடாமல் எழுதினதால் பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறோம். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அந்தக் காலத்து ஆக்களுக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்தது. எங்களுக்கு என்ன காரணம்? வடிவாக இருக்க வேணும் என்கிற ஆசை மட்டும்தான்.

ஒரு புத்தகப் பக்கத்தை இப்படி வெள்ளையாக்கினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகாது. எழுத்தொன்று போனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சொற்களை வைத்து வாசகர் ஊகித்துவிடுவார். வரைபடத்தில் அந்த ஊகத்துக்கு இடமில்லை. 17.42 என்ற இலக்கத்தில் 7 எங்கே போனது என்பதைப் பக்கத்தில் இருக்கிற எந்தக் கோடும் சொல்லித்தராது. புத்தகம் ஸ்கான் பண்ணிப் பழகின கையோடு வரைபடத்தைத் தொடக்கூடாது என்று நாங்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஜேர்மனியில் நடந்தது

"உங்கட கவலையீனத்துக்குக் கருவியைக் குறை சொல்லாதீங்கோ" என்று கேட்பவர்களுக்கு 2013 ஆம் ஆண்டுக் கதை ஒன்று இருக்கிறது. ஜேர்மனியில் டேவிட் கிறீசல் என்ற கணினி விஞ்ஞானி, ஸெரொக்ஸ் வேர்க்சென்ரர் வகை இயந்திரத்தில் ஸ்கான் செய்யப்பட்ட ஒரு கட்டடப் படத்தை ஆராய்ந்தார். மூலத்தில் மூன்று அறைகளின் பரப்பளவு 14.13, 21.11, 17.42 சதுர மீற்றர். ஸ்கான் பண்ணின பிரதியில் மூன்றுக்கும் 14.13 என்று இருந்தது. மங்கலாகவோ கலங்கலாகவோ இல்லை, நல்ல துப்புரவான அச்செழுத்தில் இருந்தது. பெரிய அறைக்குச் சின்ன இலக்கம் இருந்தபடியால்தான் பிழை கண்ணில் பட்டது.

இயந்திரம் எழுத்துகளை வாசித்துப் பிழை விடவில்லை. அது வாசிக்கவே இல்லை. ஜேபிக்2 என்ற சுருக்கு முறையில், ஃபைலின் அளவைக் குறைப்பதற்காக, ஒரே மாதிரித் தெரிகிற சின்னச் சின்னத் துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டலாம். "ஒரே மாதிரி" என்று இயந்திரம் நினைத்தது எங்களுக்கு வேற வேற இலக்கம். கிறீசல் இதை வெளியில் சொன்ன பிறகு நிறுவனம் திருத்த மென்பொருள் வெளியிட வேண்டி வந்தது. இப்படியான இயந்திரங்கள் உலகம் முழுக்க அலுவலகங்களில் இருந்தன. எத்தனை தாள்கள் அவற்றுக்குள்ளால் போய், மூலம் கிழித்தெறியப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கோ.

இதில் எங்களை உலுக்கியது பிழை நடந்தது அல்ல. பிழை வடிவாக இருந்ததுதான். மங்கல் படம் "என்னை நம்பாதே" என்று தானே சொல்லும். பளிச்சென்ற படம் அப்படிச் சொல்லாது. தெளிவு வேற, சரி வேற. இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிற பழக்கத்தோடுதான் எங்கட சண்டை.

இப்போது இதைவிட மோசமான ஒன்று கையில் கிடைத்திருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் மங்கல் படத்தைக் கூராக்கித் தருகிற ஏஐ செயலிகள். படத்தில் இல்லாத விபரத்தை அவை எங்கிருந்து கொண்டு வருகின்றன? தாங்கள் முன்னர் பார்த்த வேறு படங்களில் இருந்துதான். முகத்துக்கு அது பரவாயில்லை என்று ஒருவர் சொல்லலாம். 2 மில்லிமீற்றர் உயரமான ஓர் இலக்கம் 100 டிபிஐ ஸ்கானில் 8 பிக்சல் உயரம்தான் வரும். அதற்குள் 3, 6, 8 மூன்றையும் பிரித்தறிவதே கஷ்டம். செயலி அதில் ஒன்றைத் தெரிந்தெடுத்து வடிவாக எழுதித்தரும். அது வரைபடத்தை மீட்பதில்லை, புதுசாக ஒன்று வரைகிறது. காணிப் படத்தைப் புதுசாக வரைகிற உரிமை நில அளவையாளருக்கு இருக்கிறது, அவர் கையெழுத்தும் போட்டு வரைவார். செயலியிடம் ஆர் கையெழுத்துக் கேட்கிறது?

மென்பொருள் வேலை செய்யேல்லையாம்

எங்கட வட்டத்துக்குள் அடிக்கடி கேட்கிற முறைப்பாடுகளில் பாதி, மென்பொருள் உண்மையைச் சொல்லும்போது எழும்புகிற சத்தம். மூன்றை மட்டும் சொல்கிறோம்.

ஒன்று: "லேயர் போடேலாது, ஃபில்ரர் எல்லாம் மங்கிப் போய்க் கிடக்கு." போட்டோஷொப்பில் கறுப்பு வெள்ளை இரண்டே நிறமாக ஸ்கான் பண்ணின படத்தைத் திறந்தால் இப்படித்தான் இருக்கும். படம் பிட்மப் நிலையில் இருக்கிறது, அதற்குள் சாம்பல் நிறமே இல்லை. முதலில் கிறேஸ்கேலுக்கு மாற்றினால் வசதிகள் திரும்பி வரும். ஆனால் ஸ்கான் பண்ணும்போது போன சாம்பல் நிறம் திரும்பி வராது. மென்பொருள் சொல்கிற செய்தி: தவறு முன்னுக்கே, ஸ்கானரில் நடந்துவிட்டது. போய்த் திரும்ப ஸ்கான் பண்ணு.

இரண்டு: "திறந்த உடனே கொம்பியூட்டர் இறுகிப்போகுது." கணக்குப் பார்ப்பம். ஏ1 தாள் 594 க்கு 841 மில்லிமீற்றர். 600 டிபிஐயில் அது ஏறத்தாழ 27 கோடியே 87 இலட்சம் பிக்சல். கலரில் ஒரு பிக்சலுக்கு 3 பைற், ஆக ஒரு லேயருக்கே 836 மெகாபைற் நினைவகம் வேணும். லேயரை ஒருக்கால் பிரதி எடுத்தால் இரட்டிப்பு. அன்டூ செய்வதற்காக வைத்திருக்கிற பழைய நிலைகள் அதற்கு மேலே. அதே தாளை 300 டிபிஐயில் எடுத்தால் காற்பங்கு, 209 மெகாபைற். பெரும்பாலான படங்களுக்கு 300 போதும். இலக்கங்கள் மிகச் சின்னனாக இருந்தால் அந்த மூலையை மட்டும் 600 இல் தனியாக எடுங்கோ. இறுகுது என்பதற்காக கலரை விட்டுவிட்டுக் கறுப்பு வெள்ளையில் ஸ்கான் பண்ணுகிறவர்கள்தான் எங்களைப் போலப் பாதையைத் தொலைக்கிறவர்கள்.

மூன்று: "கோடுகள் விட்டு விட்டுத் தெரியுது, சில கோடுகள் காணேல்லை." எத்தனை வீதத்தில் பார்க்கிறீர்கள் என்று பாருங்கோ. 0.25 மில்லிமீற்றர் கோடு 300 டிபிஐயில் 3 பிக்சல்தான். 25 வீதத்துக்குச் சுருக்கிப் பார்த்தால் திரையில் அதற்கு ஒரு பிக்சல்கூடக் கிடையாது. கோடு படத்தில் இருக்கிறது, திரையில் இடமில்லை. 100 வீதத்தில் வைத்துப் பார்க்காமல் "கோடு போட்டுது" என்று பயந்து எல்லாக் கோட்டையும் தடிப்பாக்குகிறார்கள். தடிப்பாக்கினதும் 8 இன் இரண்டு ஓட்டைகளும் அடைபட்டுவிடும். இல்லாத வருத்தத்துக்கு மருந்து குடித்து வருத்தமாவது இதுதான்.

ஒரு விசயத்தை மட்டும் மென்பொருள் உங்களுக்குச் சொல்லாது: அளவு. பிரின்ட் எடுக்கும்போது "ஃபிட்" என்று இருந்தால் தாளின் ஓரத்துக்குள் அடங்குவதற்காகப் படம் சத்தமில்லாமல் சுருங்கும். 1:1000 அளவுத்திட்டப் படத்தில் 1 மில்லிமீற்றர் 1 மீற்றர். படம் 96 வீதமாகச் சுருங்கினால் 50 மீற்றர் வேலி அடிமட்டத்தில் 48 மீற்றராகத் தெரியும். பரப்பளவு இரண்டு பக்கத்தாலும் குறைவதால் ஏறத்தாழ 8 வீதம் போய்விடும். வரகுக் கலாசாரக் கணக்கில் 2 பரப்பு, அதாவது 20 பேர்ச் காணியில் ஒன்றரைப் பேர்ச்சுக்கு மேல். 40 சதுர மீற்றர் அளவு. அதற்குள் ஒரு அறையும் குசினியும் கட்டலாம். "அக்சுவல் சைஸ்" என்று மாற்ற ஒரு செக்கன் போதும். போனால் சரிவாகப் பிடித்த படங்களில் நிலைமை இன்னும் மோசம். கிட்ட இருக்கிற பக்கம் பெரிதாகவும் தூரப் பக்கம் சின்னனாகவும் விழும். மென்பொருள் அதை இழுத்து நீள்சதுரமாக்கும். ஆனால் மூலத்தின் நீள அகலம் என்ன விகிதம் என்பதை அது ஊகித்துத்தான் போடும்.

மறுப்புகள்

"இது எஞ்ஜினியரிங் பக்கல்ட்டி வேலை, ஆர்ட்ஸ் பிள்ளையளுக்கு ஏன்?" இதைக் கம்பஸுக்குள்ளேயே கேட்கிறார்கள், எங்கட ஆக்களே கேட்கிறார்கள். வரலாறும் புவியியலும் சமூகவியலும் படிக்கிற நாங்கள்தானே ஊர் ஊராகப் போய் "பழைய ஆவணம் இருக்கா" என்று கேட்கிறோம். பெட்டியைத் திறந்து தருகிற மனிசர் எங்களை நம்பித் தருகிறார். எடுத்து வந்த பிறகு "எனக்குக் கொம்பியூட்டர் அவ்வளவு ஓடாது" என்று சொல்வது பணிவில்லை, பொறுப்பிலிருந்து நழுவுகிறது. ஓலைச்சுவடியைக் கையாளத் தெரியாமல் பதிப்பிக்க வந்தவரை நாங்கள் என்ன சொல்வோம்? சனல், பிக்சல், சுருக்கு முறை எல்லாம் இந்தக் காலத்துப் பதிப்பியல்தான்.

"மூலம் இருக்குத்தானே, ஸ்கான் சும்மா பார்க்கத்தானே?" சட்டத்துக்கு ஸ்கான் போதாது என்பது சரி. ஆனால் குடும்பங்கள் முடிவெடுப்பது எதை வைத்து? ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பாவும் லண்டனில் இருக்கிற மாமியும் பார்ப்பது வட்ஸ்அப்பில் வந்த படத்தைத்தான். அதைப் பார்த்துத்தான் "விக்கலாம்", "விட்டுக்குடு" என்று சொல்கிறார்கள். படமாக அனுப்பினால் வட்ஸ்அப் அதை இன்னும் சுருக்கித்தான் அனுப்பும். டொக்கியுமென்ட்டாக அனுப்பினால் மட்டுந்தான் உள்ளபடி போகும். தவிர, மூலம் எவ்வளவு காலத்துக்கு இருக்கும்? தண்ணியும் கறையானும் எங்களைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

"கலரில, பெரிய ஃபைலாக வைச்சிருக்கக் காசு வேணும், இடம் வேணும்." இது நியாயமான கேள்வி, அதால் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஏ4 தாள் 300 டிபிஐயில் 2480 க்கு 3508 பிக்சல், கலரில் சுருக்காமல் 26 மெகாபைற். பிஎன்ஜியாக வைத்தால் எதையும் இழக்காமல் அதைவிடக் குறையும். ஒரு நூறு படம் எங்கட போனில் கிடக்கிற பகிடி வீடியோக்களைவிடக் கூட இடம் பிடிக்காது. ஜேபெக் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது படத்தை 8 க்கு 8 பிக்சல் சதுரங்களாகப் பிரித்துச் சுருக்கும் முறை. வானம், முகம் மாதிரி மெதுவாக மாறுகிற படங்களுக்குப் பொருந்தும். வெள்ளையில் கூரான கறுப்புக் கோடு வந்தால் கோட்டைச் சுற்றி அழுக்கு மாதிரி நிழல் படியும். திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமிக்கும்போது அந்த அழுக்குக் கூடும். பிறகு அந்த அழுக்கைத் துடைக்க டீஸ்பெக்கிள். பிறகு புள்ளி போச்சு என்று அழுகை.

நாங்கள் கேட்பது பெரிய விசயம் இல்லை. முதல் ஸ்கானைக் கலரில், பிஎன்ஜியாகவோ டிஃப்பாகவோ எடுத்து, அதில் கை வைக்காதீர்கள். அதற்கு "மூலம்" என்று பெயர் போட்டு இரண்டு இடத்தில் வையுங்கோ. ஸ்கானருக்குள் தாளுக்குப் பக்கத்தில் ஒரு அடிமட்டத்தையும் வைத்து எடுங்கோ. பிற்காலத்தில் ஆர் எந்த அளவில் பிரின்ட் எடுத்தாலும் உண்மையான அளவு அதில் இருக்கும். திருத்த வேலையை ஒரு பிரதியில், மூலத்துக்கு மேலே தனி லேயரில் செய்யுங்கோ. த்ரெஷோல்ட்டுக்குப் போக முதல் லெவல்ஸில் மெதுவாக முயன்று பாருங்கோ. சரிவை நிமிர்த்துவதென்றால் அளந்து ஒரே தரத்தில் சுழற்றுங்கோ. அரைப் பாகை இப்படி, கால் பாகை அப்படி என்று பலமுறை சுழற்றினால் ஒவ்வொரு முறையும் பிக்சல்கள் புதிதாகக் கணக்கிடப்பட்டுக் கோடு மங்கும். முடிவில் மூலத்தையும் திருத்தினதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் இலக்கங்களைச் சத்தமாக வாசிக்க மற்றவர் சரி பாருங்கோ. புறூஃப் பார்க்கிற மாதிரித்தான். என்ன என்ன செய்தீர்கள் என்று நாலு வரி எழுதி ஃபைலோடு சேர்த்து வையுங்கோ. இவ்வளவுக்கும் காசு தேவையில்லை, பொறுமை தேவை.

1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் பற்றி ஒவ்வொரு ஆண்டும் எழுதுகிறோம், கூட்டம் வைக்கிறோம். அதற்குப் பிறகும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்த தன்னார்வலர்கள் 2005 இல் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். எங்கட தலைமுறைக்குக் கிடைத்த பெரிய முதுசம் அது. அந்த வழியில் நாங்களும் வீடு வீடாகப் போய் ஸ்கான் பண்ணுகிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எரித்தவர்கள் எதிரிகள், நாங்கள் காப்பவர்கள் என்ற நினைப்பே எங்களைக் கவலையீனமாக்கக்கூடாது. தாளைக் கொளுத்தினால் சாம்பலாவது மிஞ்சும், ஊர் அறியும். ஒரு கோட்டை வெள்ளையாக்கிச் சேவ் பண்ணினால் அது இருந்தது என்பதே ஒருவருக்கும் தெரியாது.

பெரியம்மாவிடம் கடதாசி இன்னும் இருந்தபடியால் நாங்கள் தப்பினோம். திரும்பப் போய்க் கேட்டோம். ஒன்றும் பேசாமல் எடுத்துத் தந்தா. இந்த முறை கலரில் எடுத்தோம், அடிமட்டமும் வைத்தோம். கறையைக் கொஞ்சம் மட்டும் தணித்தோம், மடிப்பு வெடிப்புகளைத் தொடவில்லை. பழுப்பாக, அசிங்கமாக, மழைத்தண்ணி வழிந்த தடத்தோடு ஒரு பிரின்ட். அவ அதை மேசையில் விரித்து, விரலை வைத்து, வீட்டு வாசலில் இருந்து கிணறு வரைக்கும் மெல்ல இழுத்தா. பிறகு "ஓம், இதுதான்" என்றா.